கிணற்றைச் சுற்றிப் போன சாலை

எனக்கு அரசாங்கம் என்றால் பக்தி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, கப்பலேறி வந்து ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்தவன் வேறு எதைக் கும்பிடுவான்? தோட்டத்துக்குத் துரை. துரைக்கு மேலே சிரம்பானில் இருந்து நெகிரி செம்பிலான் ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெசிடெண்ட் துரை. அவருக்கும் மேலே கோலாலம்பூர். நாலு மலாய் ராஜ்யங்களையும் ஒரே கயிற்றில் கட்டி ஆளும் கூட்டரசாங்கம் அங்கேதான் இருந்தது. அதற்கு மேலே லண்டன், அதற்கும் மேலே கடவுள். இந்த வரிசையை நினைத்தாலே எனக்கு முதுகு தானாக நிமிரும்.

என் மனைவி ஆனந்தவல்லிக்கு இந்தப் பக்தி மருந்துக்கும் கிடையாது. "கடவுளுக்கும் ஒரு இடம் குடுத்தியளே, அது பெரிய காரியம்" என்பாள்.

தோட்டத்து முகப்பில், பெரிய சாலையை ஒட்டி, நாகூர் கனியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கனி காயல்பட்டணத்துக்காரர். அத்தாப்பு ஓலைக் கூரை, நாலு பெஞ்சு, எந்நேரமும் கொதிக்கும் கோப்பிப் பானை. கடைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு. கனியும், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் முருகையாவும் சேர்ந்து தோண்டியது. தோட்டத்துக் கூலி லயத்து ஜனங்கள் அதுவரை ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மேலே ஈயச் சுரங்கத்துக் கழுநீர் கலந்து, கோப்பிக்குப் பால் ஊற்றிய நிறத்தில் வரும் ஆறு. முருகையாவின் மனைவி ராக்கம்மா இரண்டு பிள்ளைகளை வயிற்றுக்கடுப்புக்குக் கொடுத்தவள். கிணறு வந்த பிறகு பிறந்த மூன்றாவது, வள்ளியம்மா, தங்கியது. அந்தக் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாலே அந்தத் தண்ணீரின் ருசி தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மோட்டார் கார்கள் பெருகிவிட்டன. சாலை பாம்பு மாதிரி நெளிகிறது, நேராக்க வேண்டும் என்று கோலாலம்பூரில் முடிவாயிற்று. அளவைக்காரர்கள் வந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே போனார்கள். ஒரு முளை கனியின் அடுப்படியில். அடுத்தது கிணற்றுக் கட்டை ஒட்டி. முளை இறங்கும்போது கிணற்றுக்குள் மண் சரிந்து விழுந்த சத்தத்தைக் கேட்டு ராக்கம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாளாம். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"கெராணி ஐயா, கெணத்தத் தூத்துட்டு மேல சடக்கு போடப் போறாங்களாம். மறுபடி ஆத்துத் தண்ணியாங்க? இதையும் நான் ஆத்துக்கே குடுத்திரணுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் துரையிடம் போனேன். அவர் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே, கூட்டரசாங்கத்துச் சாலை, தன்னால் ஒன்றும் ஆகாது என்றார். தோட்டத்துக்குள் வேறு கிணறு தோண்டலாமா என்று கேட்டேன். ரப்பர் மரம் நிற்கிற இடத்தில் கிணறு எதற்கு என்றார்.

சாயங்காலம் கனி வந்து என் வீட்டு முன்னால் உட்கார்ந்தார். "ரோட்டப் போடட்டும் கிராணி ஐயா, நான் வேணாங்கல. எங்கெணத்து மேலயா போடணும்? கோலாலம்பூருக்கே போய்க் கேட்டுருவோம். உங்க இங்கிலீசு எதுக்கு இருக்கு?"

என் இங்கிலீசைச் சொன்னதும் நான் விழுந்துவிட்டேன். ஆனந்தவல்லி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கிணறு இருக்கிற காணி ஆற்ற?"

"யாசினின்ர" என்றேன். யாசின் கடைக்குப் பின்னாலிருந்த மலாய்க் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து ஆள். தினமும் கனியின் கடையில் கோப்பி குடிப்பவர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே கடை போட்டுக்கொள்ளட்டுமா என்று கனி அவரைக் கேட்க, அவர் தாராளமாகத் தலையாட்டினார். கடையும் வந்தது, கிணறும் வந்தது.

கோலாலம்பூரில் கூட்டரசாங்கத்து ஆபீசுக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றோம். செங்கல்லும் வெள்ளைச் சுதையும் மாறி மாறி வைத்த வளைவுகள். ஒன்றுக்குள் ஒன்றாக அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. மேலே வெயிலில் மின்னும் செம்புக் கும்மட்டங்கள். நடுவில் மணிக்கூண்டு. அது அடித்தபோது தெருவில் போன மாட்டுவண்டிக்காரன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். இங்கே ஒருவர் பேனாவைத் தொட்டால் பேராக்கில் பாலம் எழும்பும், பகாங்கில் காடு விழும். இதில் ஒரு கடுகளவு எனக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்துக் கண் கலங்கினேன். பக்கத்தில் கனி குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பள்ளிவாசல் இல்லை ஐயா, ஆபீசு" என்றேன்.

"தெரியும். இருந்தாலும் கால் கேக்கலியே" என்றார்.

உள்ளே பொதுவேலை இலாகாவில் என் மனைவியின் தம்பி சிவசுப்பிரமணியம் வேலை பார்த்தான். எங்களைச் சுவர் முழுக்கத் தொங்கிய ஒரு படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நாலு ராஜ்யத்துக்கும் நாலு நிறம். அவற்றின் மேல் சிவப்புக் கோடாகச் சாலைகள், கறுப்புக் கோடாக ரயில். எல்லையில் எந்தக் கோடும் நிற்கவில்லை. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குத் தன்பாட்டில் போயிற்று. எங்கள் தோட்டம் நகத்தளவு. கிணறு படத்திலேயே இல்லை. இவ்வளவு பெரிய இடத்துக்கு முன்னால் ஒரு கிணற்றோடு வந்து நிற்கிறோமே என்று எனக்குக் கூசியது.

"அத்தான், சாலை எங்கட. ரயில் எங்கட. தபால், தந்தி, ஆஸ்பத்திரி டாக்குத்தர்மார் எல்லாம் எங்கட" என்றான் சிவசுப்பிரமணியம். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா மண் எங்கட இல்லை. மண் அந்தந்த ராஜ்யத்தின்ர. சிரம்பான் ஓம் எண்டால்தான் நாங்கள் ஒரு மண்வெட்டி வைக்கலாம். இதில இப்ப பெரிய பிடுங்குப்பாடு நடக்குது. எல்லாத்தையும் கோலாலம்பூர் விழுங்கிப்போட்டுது எண்டு ராஜ்யங்களுக்குக் கோபம். நீங்கள் அங்கதான் போகவேணும்."

எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பெரிய கும்மட்டத்தைக் கட்டிவிட்டு அதன் கீழே மண் சொந்தமில்லை என்கிறானே. கனி மட்டும் உற்சாகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சிரம்பானில் நில ஆபீசில் எங்களை விசாரித்தவர் ஒரு மலாய் அதிகாரி. அமைதியான மனிதர். கம்பத்தின் பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது பரம்பரை நிலம், ரெசிடெண்ட் துரைகூட அதில் கைவைக்கத் தயங்குவார் என்றார். ரெம்பாவின் தலைவரான உண்டாங்கின் வாயிலிருந்து வர வேண்டும் என்றார்.

"உண்டாங் பெரியவரா, ராஜா பெரியவரா?" என்று கேட்டேன். வரிசை கலைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் புன்னகை செய்தார். "ராஜாதான் பெரியவர். ஆனால் ராஜாவைத் தேர்ந்தெடுப்பது நாலு உண்டாங்குகள். உண்டாங்கைத் தேர்ந்தெடுப்பது குடித்தலைவர்களான லெம்பாகாக்கள். லெம்பாகாவை அவரவர் குடிமக்கள்."

ராஜாவைத் தேர்ந்தெடுப்பதா? அன்றைக்கு சிரம்பான் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் வரிசை மேலிருந்து கீழே தொங்கியது. இவர்களுடையது கீழேயிருந்து மேலே வளர்ந்திருக்கிறது, மரம் மாதிரி. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கும்மட்டத்தைப் பார்த்து வந்த பிரமிப்பில் ஒரு சந்தோஷம் உண்டு. இதில் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

ரெம்பாவில் உண்டாங்கின் ஆட்கள் எங்களை அந்தக் குடியின் லெம்பாகாவிடம் அனுப்பினார்கள். அவர் இருந்தது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கம்பத்தில். மூங்கில் சீவி மீன்பொறி பின்னிக்கொண்டிருந்தார். மலாய்மொழியில் நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"என்னால் ஒரு சாண் மண் தர முடியாது. நானே என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். தீமாவைப் போய்க் கேளுங்கள்."

"தீமா யார்?"

"யாசினின் மனைவி. உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கிற வீடு."

கனியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோலாலம்பூர் போய், சிரம்பான் போய், உண்டாங் வாசல்வரை போய், கடைசியில் கடையின் பின்கதவுக்கே வந்து சேர்ந்திருந்தோம். கடையில் யாசின் வழக்கம்போல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நிலம் உங்களுடையது இல்லையா என்று கனி கேட்டார்.

"இல்லையே" என்றார் யாசின். "கடை போடட்டுமா என்று என்னைக் கேட்டாய். எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். இப்போதும் இல்லை."

நாங்கள் தீமாவைப் பார்க்கப் போவதற்குள், மறுநாள் காலையிலேயே கூட்டரசாங்கத்து எஞ்சினீயர் வந்து இறங்கினார். இளம் வெள்ளைக்காரர், வெயிலில் சிவந்த கழுத்து, கையில் சுருட்டிய வரைபடம். கூடவே ராஜ்யத்தின் தரப்பில் ஜில்லா அதிகாரி, அவரும் வெள்ளைக்காரர்தான், நரைத்த மீசை. லெம்பாகாவும் வந்தார். எல்லோரும் தீமாவின் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றார்கள். அங்கே வீடுகள் எல்லாம் ஆளுயரக் கால்மரங்களின் மேல் நிற்கும். நாங்கள் ஓரமாக நின்றோம். யாசின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார், தன் வீட்டுக்கே விருந்தாளி போல.

தீமா மேலே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் போல, கைலியில் உமி ஒட்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் தாய், தங்கைகள், மகள், அந்தக் குடியின் பெண்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. தீமா கீழே இறங்கவில்லை. அரசாங்கம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

ஜில்லா அதிகாரி நல்ல மலாயில் விஷயத்தைச் சொன்னார். சாலைக்கு நிலம் வேண்டும், அரசாங்கம் ஈடு கொடுக்கும்.

"இதை என் தாய் அவள் தாயிடமிருந்து வாங்கினாள்" என்றாள் தீமா. குரலை உயர்த்தவில்லை. "எனக்குப் பிறகு என் மகளுக்கு. அவளுக்குப் பிறகு இன்னும் பிறக்காத ஒருத்திக்கு. நான் நடுவில் காவலுக்கு இருக்கிறவள். என்னுடையதல்லாததை நான் எப்படிக் கொடுப்பேன்?"

எஞ்சினீயருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார் அதிகாரி. எஞ்சினீயர் சிரித்தார். நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறதே என்றார்.

"இருக்கிறது" என்றார் நரைத்த மீசை. "நான் ரெசிடெண்டுக்குச் சொல்ல வேண்டும். அவர் உண்டாங்கைக் கேட்பார். உண்டாங் இதோ இந்த லெம்பாகாவைக் கேட்பார். லெம்பாகா இந்தப் படிக்கட்டுக்கு வந்து இந்தப் பெண்ணைக் கேட்பார். நாம் இப்போதே அங்கேதான் நிற்கிறோம்."

எஞ்சினீயர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பிரித்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் யாருடையது என்று கேட்டார். ரப்பர் தோட்டம், லண்டன் கம்பெனியுடையது என்றேன் நான். "அப்படியானால் கஷ்டம் இல்லை" என்று பென்சிலை எடுத்து, கிணற்றை விட்டு விலகி ஒரு வளைவு போட்டார். என் உடம்பு சிலிர்த்தது. என் வரிசையில் கடவுளுக்கு அடுத்த படியில் இருந்த லண்டனின் ரப்பர் மரங்கள் ஒரு பென்சில் கோட்டில் விழுந்துவிட்டன. உமி ஒட்டிய கைலியோடு நின்ற ஒருத்தியின் மண்ணில் ஒரு பிடியை யாராலும் அள்ள முடியவில்லை. அந்தக் கோலாலம்பூர் மணிக்கூண்டு அடித்தபோதுகூட நான் அப்படி நடுங்கவில்லை.

துரைமார் போனார்கள். கனி இரண்டு கையையும் தூக்கி அல்லாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் தீமா அவரைப் பார்த்தாள்.

"உன் ஊரில் நீ இருக்கிற வீடு யாருடையது?"

கனியின் கை அப்படியே நின்றது. காயல்பட்டணத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பார். "என் பெண்டாட்டி ரஹ்மத் நிஷாவுடையது" என்றார் மெதுவாக.

"தெரிந்துமா என் புருஷனைக் கேட்டாய்?"

கனி என்னைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல. நான் எங்கே காப்பாற்றுவது? யாழ்ப்பாணத்தில் நான் குடியிருந்த வீடு ஆனந்தவல்லிக்குச் சீதனமாக வந்தது. வாசற்படி முதல் பின்வளவு முருங்கைவரை அவளுடையது. சீதன வீட்டு மாப்பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து, நிலத்துக்கு ஓர் ஆம்பிளையைத் தேடி மூன்று அரசாங்கத்தைச் சுற்றி வந்திருக்கிறோம்.

"கடையும் கிணறும் என்னைக் கேட்காமல் என் மண்ணில் வந்தவை" என்றாள் தீமா. "தாகத்துக்குத் தோண்டுகிறார்கள் என்று விட்டேன். கேட்க வருவீர்கள் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. சாலைக்காக நான் கிணற்றை மூட விடவில்லை. எனக்காக மூடச் சொல்லலாம்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனி நீங்கள் கேட்டு எனக்குக் கேட்காது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவள் எவளோ, அவள் வந்து கேட்கட்டும்."

வீட்டுக்கு வந்து ஆனந்தவல்லியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து, கலியாணத்துக்கு வந்த பித்தளை வெற்றிலைத் தட்டை எடுத்துப் புளி போட்டு விளக்க உட்கார்ந்தாள். "நான் அண்டைக்கே கேட்டனான், காணி ஆற்ற எண்டு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் பால்வெட்டு முடிந்து ராக்கம்மா குளித்து, இருந்த ஒரே நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் வள்ளியம்மா. தட்டைக் கையில் வாங்கியதும் ஆனந்தவல்லியிடமே திரும்ப நீட்டினாள். "கெராணியம்மா, நீங்க பேசுங்களேன். எனக்கு வார்த்த வராதுங்க."

"நான் அந்தத் தண்ணி குடிக்கிறேல்லை, ராக்கம்மா. என்ர வீட்டில குழாய் இருக்கு. நீதான் கேக்கவேணும்" என்றாள் ஆனந்தவல்லி. "நான் உனக்குப் பின்னால வாறன்."

இருவரும் படியேறினார்கள். முருகையா, கனி, யாசின், நான், நாலு புருஷன்களும் கீழே வரிசையாக நின்றோம். மேலே பாயில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ராக்கம்மா தட்டைத் தீமாவுக்கு முன்னால் வைத்தாள். தோட்டத்தில் கற்ற உடைந்த மலாயில், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திச் சொன்னாள். "முன்னால ரெண்டு பிள்ளை. செத்துப்போச்சு. ஆத்துத் தண்ணி. இந்தப் பிள்ளை உங்க தண்ணி." குழந்தையை இறக்கிப் பாயில் விட்டாள்.

குழந்தை தவழ்ந்து போய்த் தட்டிலிருந்த பாக்கைப் பிடித்தது. தீமா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குப் போகிற பாக்கைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்து, துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் தாயும் ஒன்று எடுத்தாள். தட்டு பெண்களுக்குள் சுற்றியது. கீழே லெம்பாகா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "முடிந்தது" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மீன்பொறியைப் பார்க்கப் போனார். அந்த நிமிஷம் எனக்குக் கைகூப்பத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியாமல் படிக்கட்டைப் பார்த்துக் கூப்பினேன்.

தீமா ஒரு நிபந்தனைதான் வைத்தாள். தண்ணீர் கேட்டு வருகிற யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பக் கூடாது. கனி அன்று மாலையே ரஹ்மத் நிஷாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி என்னிடம் வந்தார். என்ன எழுத என்று கேட்டதற்கு, "சும்மா, வீட்டுக்கு வரலாமான்னு கேளுங்க" என்றார்.

சாலை முடிந்தது. சிரம்பானிலிருந்து நேராக வந்து, கிணற்றுக்கு முன்னால் ஒதுங்கி, லண்டன் கம்பெனி நிலத்துக்குள் இறங்கி, மறுபடி ஏறி நேராகப் போயிற்று. புதுச் சாலையைப் பார்வையிடக் கோலாலம்பூரிலிருந்து மிகப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கொடி பறக்கிற கறுப்புக் கார், முன்னும் பின்னும் வேறு கார்கள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு தோட்டத்து முகப்பில் நின்றேன். பக்தி அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா?

கார்கள் வேகமாக வந்தன. வளைவு வந்ததும் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, ஒதுங்கி, நடக்கிற மனிதனின் வேகத்தில் கிணற்றைச் சுற்றிப் போயின. உள்ளே இருந்தவருக்குத் தாம் யாருக்காக ஒதுங்குகிறோம் என்று தெரிந்திருக்காது. கொடி காற்றில்லாமல் தொய்ந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

ராக்கம்மா கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி பாதிக் கிணற்றில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.